பதினாலாம் இலக்கம்

பேர்க்டோர்ஃபில் எங்கள் கட்டடம் முழுவதற்கும்
ஒரே ஒரு சலவை அறை.
இரண்டு கிழமைக்கு ஒருக்கா செவ்வாய் என் நாள்.
காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை
அந்த நிலக்கீழ் அறைக்கு நான் அரசி.
எட்டு அஞ்சுக்குச் சாவி
ஏஷ்லிமன் அம்மாவின் கொக்கியில் தொங்க வேணும்.

ஒட்டுப்போர்வை தைக்க நீலம் தேவைப்பட்டது.
கடையில் மீற்றர் இருபத்தெட்டு பிராங்க்.
பழஞ்சாமான் கடையில் ஒரு முழு வெள்ளை விரிப்பு நாலு பிராங்க்.
இந்தக் கணக்கில்தான் தொடங்கியது,
கலை கிலை என்று ஒன்றுமில்லை.

சோடாத் தண்ணியில் ஊறப்போட்டு
சாயம் கரைத்து ஊற்றி
குளியல் தொட்டியில் ஒரு இரவு விட்டேன்.
விடியப் பார்த்தால் தொட்டி நீலம், என் முழங்கை நீலம்,
விரிப்பு மட்டும்
காய்ச்சல்காரரின் உதடு போல வெளிறிக் கிடந்தது.
ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கித் தீக்குச்சி காட்டினேன்.
எரியாமல் உருகி, கடுகாய் உருண்டது.
பாதிக்குப் பாதி பொலியெஸ்டர்.

அதற்குப் பிறகு ஒரு கொப்பி.
இலக்கம், நாள், எத்தனை தேக்கரண்டி, எத்தனை மணி.
ஆறு: சோடா போட மறந்தேன். கழுவக் கழுவ ஓடிப்போனது.
ஒன்பது: கறுப்பு என்று வாங்கினேன்.
துணியில் அது ஊதாவும் பச்சையுமாய்ப் பிரிந்து
கோபித்த சகோதரர் போல ஆளுக்கொரு மூலையில் நின்றது.
பதினொன்று: மஞ்சள்தூள்.
யன்னலோரம் மூன்று நாளில் வெயில் தின்றுவிட்டது,
அதுவும் இந்த ஊர் வெயில்.
நீலத்துக்கு நடுவில் மஞ்சள் எதுக்கென்று குணபாலன் கேட்டார்.
கேட்கட்டும்.

பதினாலு வாய்த்தது.
கை வைத்தால் ஈரமாகும் என்று தோன்றும் நீலம்.
மெசினில் மூன்று தரம் அலசி எடுக்க
மணி எட்டு மூன்று. சாவியோடு ஓடினேன்.

புதன் ஏஷ்லிமன் அம்மாவின் நாள்.

வியாழன் காலை கொடியில்
பன்னிரண்டு லினன் கைத்துடைகள்,
மூலையில் எழுத்துத் தைத்தவை.
பால் சட்டி அலசிய தண்ணியில்
பின்னேர வானம் விழுந்தது போல
நீலம் என்றும் சொல்லமுடியாத ஒரு நீலம்.
மெசின் வாயின் ரப்பர் மடிப்புக்குள்
என் பதினாலு ஒளித்திருந்திருக்கிறது.

நாலு மாடி ஏறி மணியடித்தேன்.
படி படியாய்ப் பாடமாக்கிய ஜெர்மன் வசனம்,
கடைசியில் வரவேண்டிய வினைச்சொல்
வரவே இல்லை.
அவ என் முகத்தைப் பார்க்கவில்லை,
நகங்களைப் பார்த்தா.
"ஆ" என்றா.
கதவு சாத்தியது.

அடுத்த என் செவ்வாய்
மெசின் மேல் ஒரு மேசைவிரிப்பு,
இஸ்திரி போட்டது, தூய வெள்ளை.
மேலே ஒரு துண்டுக் கடதாசி:
"கைத்துடைகளுக்கு இது இப்போது பொருந்தவில்லை.
இதையும். நன்றி. ர. ஏஷ்லிமன்."

அளக்காத நிறத்தை எங்கே போய் அளப்பது?
பதினைஞ்சு: கால் தேக்கரண்டி. கடல்.
பதினாறு: கரண்டி நுனி. இன்னும் கடல்தான், கரைப்பக்கம்.
பதினெட்டு: குண்டூசித் தலையளவு. சாம்பல்.
இருபத்துமூன்று: பல்லுக்குச்சியை நனைத்து
ஒரு வாளித் தண்ணியில் காட்டி எடுத்தேன்.
கிட்ட வந்தது. காய்ந்ததும் விலகிப் போனது.
நிறத்தைக் கூட்ட எவராலும் முடியும்.
இவ்வளவு கொஞ்சமாய் இட
ஒரு தவறுக்குத்தான் கை வருகிறது.

மேசைவிரிப்பு இன்னும் வெள்ளையாய் அலுமாரி மேல்.
போர்வை முடிந்துவிட்டது.
ஆறுக்கு ஏழு, நாற்பத்திரண்டு சதுரம்,
அவவின் நீலமல்லாத நீலங்கள்,
நடுவில் வெளிறிய பதினொன்று.
குணபாலன் அதற்குள்தான் குறட்டை விடுகிறார்.

ஒரு கைத்துடையைக் கடன் கேட்க வேணும்,
யன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க.
படியில் நின்று சொல்லிப் பழகுகிறேன்.
கேள்வி என்றால் ஜெர்மனில்
வினைச்சொல் முன்னுக்கே வந்துவிடும்.
அது ஒரு வசதி.